இரவல் சாவி: சி மொழியிலிருந்து பைத்தான் டிக்ஷனரியைத் தொட்டபோது நேர்ந்த தவற்றின் ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உள்ளாகும் நிரல் மிகச் சிறியது. பைத்தானிலிருந்து ஒரு லிஸ்ட் வரும்; அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு டிக்ஷனரி; அந்த டிக்ஷனரியில் "வகை" என்ற சாவியின் கீழ் "வரவு", "செலவு" போன்ற ஒரு சரமும், "அளவு" என்ற சாவியின் கீழ் ஓர் எண்ணும் இருக்கும். வகைவாரியாக அளவுகளைக் கூட்டி, கூட்டுத்தொகைகளைப் புதியதொரு டிக்ஷனரியாகத் திருப்பித் தருவதே வேலை. பைத்தானிலேயே எழுதினால் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். பதிவுகள் பல லட்சமாகப் பெருகியபோது அந்த வரிகளை சி மொழிக்கு மாற்றி, சிபைத்தான் (சி மொழியில் எழுதப்பட்ட, பரவலாகப் பயன்படும் பைத்தான் செயலாக்கம்) தரும் சி இடைமுகத்தின் வழியே லிஸ்ட்டையும் டிக்ஷனரியையும் நேரடியாகக் கையாளும் நீட்சி மாட்யூல் ஒன்றை எழுதினேன். பயன்பாட்டில் இருந்தது பைத்தான் 3.12, 64 பிட் கணினி.

சோதனைகள் அனைத்தும் தேறின. பயன்பாட்டுக்கு வந்தபின் மூன்று அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்பட்டன. நீண்ட நேரம் ஓடும் செயல்முறையில் நினைவகப் பயன்பாடு இறங்காமல் ஏறிக்கொண்டே போனது. அரிதாக, இந்த மாட்யூலுக்குத் தொடர்பே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் செயல்முறை திடீரென்று விழுந்தது. மூன்றாவதாக, திரும்பி வந்த கூட்டுத்தொகை டிக்ஷனரியில் "வரவு", "செலவு" ஆகியவற்றோடு "சேர்த்தது 7" என்றொரு சாவியும் இருந்தது. எந்தப் பதிவிலும் அப்படி ஒரு வகை இல்லை. மூன்றில் என்னை மிகவும் கலங்கவைத்தது இந்தக் கடைசி அறிகுறிதான். விழுந்துவிடும் நிரலை எவரும் நம்பமாட்டார்கள்; விழாமல், பிழைச்செய்தி எதுவும் இல்லாமல், பார்வைக்குச் சரியாக இருக்கும் டிக்ஷனரியில் தவறான தொகையைத் தரும் நிரலை எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

சி பக்கத்திலிருந்து பார்த்தால்

பைத்தானில் நாம் எண், சரம், லிஸ்ட் என்று வேறுவேறாக நினைக்கும் எல்லாமே சி பக்கத்தில் ஒரே வகைப் பாயின்டராக, அதாவது நினைவக முகவரியாகத்தான் வந்து சேர்கின்றன. அந்தப் பாயின்டர் காட்டும் இடத்தில் முதல் 8 பைட்டில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையும் (அந்த ஆப்ஜெக்ட்டை எத்தனை பேர் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு; சுழியமானால் ஆப்ஜெக்ட் விடுவிக்கப்படும்), அடுத்த 8 பைட்டில் அந்த ஆப்ஜெக்ட் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் இன்னொரு பாயின்டரும் இருக்கும். அதன்பிறகு வருவது வகைக்கு வகை மாறும். லிஸ்ட் என்றால் உறுப்புகளின் பாயின்டர்களை வரிசையாக வைத்திருக்கும் ஒரு தனி அணிக்கு வழிகாட்டும் பாயின்டர் வரும். ஓர் உறுப்புக்கு 8 பைட் வீதம் இருக்கும் அந்த அணி, உறுப்புகள் கூடும்போதும் குறையும்போதும் வேறு இடத்துக்கு மாற்றப்படலாம். ஆகவே சி நிரல் கையில் வைத்திருப்பது ஒரு முகவரியை மட்டுமே. அந்த முகவரியில் இன்னும் அதே ஆப்ஜெக்ட் குடியிருக்கிறதா என்பதற்கு உறுதி தருவது ரெஃபரன்ஸ் எண்ணிக்கை ஒன்றுதான்.

இந்த எண்ணிக்கையில் நமக்கும் பங்கு உண்டா என்பதே ஒவ்வொரு பாயின்டரைப் பற்றியும் கேட்கவேண்டிய முதல் கேள்வி. சில ஃபங்ஷன்கள் சொந்த ரெஃபரன்ஸைத் தருகின்றன. அதை நாம்தான் விடுவிக்கவேண்டும். சில ஃபங்ஷன்கள் இரவல் ரெஃபரன்ஸைத் தருகின்றன. உரியவர் வைத்திருக்கும்வரைதான் அது செல்லும். இன்னும் சில, நாம் கொடுக்கும் ரெஃபரன்ஸைத் தம்முடையதாக்கிக்கொள்கின்றன. இவற்றை ஃபங்ஷனின் பெயரைப் பார்த்து ஊகிக்க இயலாது என்பதுதான் இதில் பெரிய சிரமம். லிஸ்ட்டில் ஓர் இடத்தில் உறுப்பை வைக்கும் பைலிஸ்ட்_செட்ஐட்டம் நம் ரெஃபரன்ஸை எடுத்துக்கொள்கிறது. டிக்ஷனரியில் வைக்கும் பைடிக்ட்_செட்ஐட்டம் எடுத்துக்கொள்வதில்லை, தனக்கென்று புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. பெயர்கள் உடன்பிறப்புகளைப் போல இருந்தாலும் நடத்தை நேர்மாறு. லிஸ்ட்டின் இறுதியில் சேர்க்கும் பைலிஸ்ட்_அப்பெண்டோ லிஸ்ட் குடும்பத்தில் இருந்துகொண்டு டிக்ஷனரியைப் போல நடந்துகொள்கிறது.

முதல் வடிவத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓடிய வரிகள் இவை. மாறிகளின் பெயர்களையும் ஃபங்ஷன்களின் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

வகை = பைடிக்ட்_கெட்ஐட்டம்(பதிவு, சாவி_வகை);
அளவு = பைடிக்ட்_கெட்ஐட்டம்(பதிவு, சாவி_அளவு);
பழையது = பைடிக்ட்_கெட்ஐட்டம்(தொகை, வகை);
புதியது = பைநம்பர்_ஆட்(பழையது ? பழையது : சுழியம், அளவு);
பைடிக்ட்_செட்ஐட்டம்(தொகை, வகை, புதியது);

மேற்சொன்ன மூன்று அறிகுறிகளுக்கும் காரணம் இந்த ஐந்து வரிகளுக்குள்ளேயே இருக்கிறது.

நினைவகக் கசிவு

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். நான்காம் வரியில் கூட்டல் ஒரு சொந்த ரெஃபரன்ஸைத் தருகிறது. ஐந்தாம் வரியில் டிக்ஷனரி தனக்கென்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. அதன்பின் என்னுடையதை பை_டெக்ரெஃப் மூலம் நான் விடுவித்திருக்கவேண்டும், விடுவிக்கவில்லை. அடுத்த பதிவு வந்து அதே வகையின் தொகை மாறும்போது டிக்ஷனரி பழைய எண்ணைக் கைவிடுகிறது, ஆனால் நான் விடாத ரெஃபரன்ஸ் அதைப் பிடித்துவைத்திருப்பதால் அந்த எண் நினைவகத்திலேயே தங்கிவிடுகிறது. சிறிய முழு எண் ஒன்று 28 பைட். சிபைத்தானின் சிற்றளவு நினைவக ஒதுக்கி 16இன் மடங்குகளில் இடம் தருவதால் உண்மையில் போவது 32 பைட். 10 லட்சம் பதிவுகளை ஒருமுறை கடந்தால் 3 கோடியே 20 லட்சம் பைட் திரும்பாமல் போகும்.

சோதனைகளில் இது ஏன் தெரியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. -5 முதல் 256 வரையிலான முழு எண்களை சிபைத்தான் தொடக்கத்திலேயே உருவாக்கி வைத்துக்கொண்டு, எங்கே தேவைப்பட்டாலும் அதே ஆப்ஜெக்ட்டைத் தருகிறது, 3.12 முதல் அவை அழியா ஆப்ஜெக்ட்டுகளாகவும் குறிக்கப்பட்டுள்ளதால் அவற்றின் எண்ணிக்கை மாறுவதே இல்லை. என் சோதனைத் தரவில் ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பதிவுகளும் சிறிய அளவுகளும்தான் இருந்தன. எந்தத் தொகையும் 256ஐத் தாண்டாததால் கசிவதற்கு எதுவுமே உருவாகவில்லை. நினைவக ஒதுக்கீடுகளைப் பின்தொடரும் டிரேஸ்மாலக் மாட்யூலை இயக்கி, பெரிய அளவுகளைக் கொடுத்து இரண்டு நிலைப்படங்களை ஒப்பிட்டதும், என் ஃபங்ஷனை அழைக்கும் பைத்தான் வரியின் பெயரில் எண்ணற்ற சிறு ஒதுக்கீடுகள் எஞ்சி நிற்பது தெரிந்துவிட்டது. சி பக்கத்தில் எந்த வரி என்று அது காட்டாது. ஐந்து வரிகளே இருந்ததால் அந்தக் குறை இங்கே பொருட்டாகவில்லை.

சாவி எப்படி மாறியது

இனி வருவதுதான் இந்த ஆய்வின் மையம்.

"அளவு" எப்போதும் சாதாரண எண்ணாகவே இருக்கும் என்று நினைத்துத்தான் நான் எழுதினேன். ஆனால் மாட்யூலைப் பயன்படுத்திய ஒரு நிரலில், அளவு என்பது பைத்தானில் எழுதப்பட்ட ஒரு வகுப்பின் ஆப்ஜெக்ட்டாக இருந்தது. தன்னை ஓர் எண்ணோடு கூட்டினால் என்ன செய்யவேண்டும் என்பதை அந்த வகுப்பு தானே வரையறுத்திருந்தது. கூட்டும்போது அது மூன்று காரியங்களைச் செய்தது: விடையைக் கணக்கிட்டது, கணக்கில் ஏறிவிட்ட பதிவு இனி தேவையில்லை என்பதால், நினைவகத்தைச் சேமிக்க, தான் இருந்த டிக்ஷனரியைக் காலியாக்கியது, பின்னர் "சேர்த்தது" என்ற சொல்லையும் தன் அளவையும் இணைத்து ஒரு குறிப்புச் சரத்தை உருவாக்கித் தணிக்கைப் பட்டியலில் சேர்த்தது. இவற்றில் எதையும் தவறு என்று சொல்லமுடியாது. பைத்தான் விதிகளுக்குள் முழுக்க அடங்கிய நிரல் அது. பைத்தானில் எழுதிய என் பழைய வடிவத்தோடு சரியாகவே ஓடியிருக்கும், ஏனெனில் அங்கே "வகை" என்ற உள்ளக மாறியே ஒரு சொந்த ரெஃபரன்ஸை வைத்திருக்கும்.

சி வடிவத்தில் முதல் வரி தந்த "வகை" ஓர் இரவல். அந்தச் சரத்துக்கு உரியவர் பதிவு டிக்ஷனரி. நான்காம் வரியின் கூட்டலுக்குள் பைத்தான் நிரல் ஓடி, டிக்ஷனரி காலியானபோது, அந்தச் சரத்தின் கடைசி ரெஃபரன்ஸும் போய்விட்டது. தரவு கோப்பிலிருந்து படிக்கப்பட்டதால் ஒவ்வொரு பதிவிலும் உள்ள "வரவு" தனித்தனி சர ஆப்ஜெக்ட். தொகை டிக்ஷனரி சாவியாக வைத்திருப்பது முதல் பதிவில் வந்த "வரவு". நூறாம் பதிவின் "வரவு" வேறொன்று. சோதனை நிரலிலோ "வரவு" என்று மூலநிரலிலேயே எழுதியிருந்தேன். அப்படி எழுதப்பட்ட சரத்தைத் தொகுக்கப்பட்ட நிரலின் மாறிலிகள் பட்டியலே பிடித்துவைத்திருக்கும், பதிவைக் காலி செய்தாலும் அது சாகாது. இரண்டாம் முறையாகச் சோதனைத் தரவு உண்மையை மறைத்தது.

சரம் விடுவிக்கப்பட்ட பின் அந்த முகவரியில் நடந்ததைப் பைட் அளவில் பார்க்கவேண்டும், அப்போதுதான் அறிகுறிகளின் விநோதம் விளங்கும். 3.12இல் தமிழ் எழுத்துகள் உள்ள ஒரு சரம் 56 பைட் தலைப்பையும், ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (ஓர் எழுத்துக்கோ குறிக்கோ யூனிகோட் தரும் எண்) 2 பைட்டையும், இறுதியில் 2 பைட் சுழியத்தையும் கொண்டது. "வரவு" என்பது வ, ர, வ, உகரக் குறி என நான்கு புள்ளிகள். ஆக 66 பைட். ஒதுக்கி இடங்களை அளவு வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது; அதில் இது 80 பைட் வகுப்பில் விழும். "சேர்த்தது 7" என்பது பதினொரு புள்ளிகள். 56உடன் 24ஐச் சேர்த்தால் மிகச் சரியாக 80 பைட், அதே வகுப்பு. ஒதுக்கியோ ஒரு வகுப்பில் கடைசியாக விடப்பட்ட இடத்தைத்தான் பெரும்பாலும் அடுத்து கேட்பவருக்குத் தரும். ஆகவே இறந்த "வரவு" இருந்த அதே முகவரியில் "சேர்த்தது 7" வந்து அமர்ந்தது. கூட்டல் முடிந்து ஐந்தாம் வரிக்கு வந்தபோது "வகை" என்ற பாயின்டர் காட்டியது முற்றிலும் உயிருள்ள, குறையில்லாத ஒரு சரத்தை. டிக்ஷனரி அதற்கு ஹாஷ் (சாவியைத் தேட உதவும் எண்) கணக்கிட்டு, ரெஃபரன்ஸ் சேர்த்து, முறைப்படி சாவியாக ஏற்றுக்கொண்டது. பிழையைக் கண்டறிய அங்கே எந்த வாய்ப்பும் இல்லை. "வரவு" என்ற சாவியின் தொகையோ பழைய மதிப்பிலேயே நின்றுவிட்டது.

அளவு 12 என்று இருந்தால் குறிப்புச் சரம் பன்னிரண்டு புள்ளிகள், 82 பைட், அடுத்த வகுப்பான 96க்குப் போய்விடும். அப்போது இறந்த சரத்தின் இடத்தை எவரும் எடுப்பதில்லை. ஒற்றை இலக்க அளவுகளில் மட்டும் சாவி மாறியதற்கும், இரண்டு இலக்க அளவுகளில் விடை சரியாக வந்ததற்கும் காரணம் இதுவே. இந்த ஒழுங்கைக் கவனித்த பிறகுதான் நான் கூட்டல் விதியைத் தேடுவதை விட்டுவிட்டு நினைவக ஒதுக்கியை நோக்கித் திரும்பினேன்.

விடை சரியாக வந்த அந்த ஓட்டங்களும் நலமானவை அல்ல. விடுவிக்கப்பட்ட இடத்தின் முதல் 8 பைட்டில் ஒதுக்கி அடுத்த காலி இடத்தின் முகவரியை எழுதிவைக்கிறது; அது ரெஃபரன்ஸ் எண்ணிக்கை இருந்த இடம். மீதிப் பைட்டுகள் அப்படியே இருப்பதால், ஆப்ஜெக்ட்டின் வகையைக் காட்டும் பாயின்டரும் ஹாஷும் எழுத்துகளும் பழையபடி தெரிகின்றன, டிக்ஷனரியும் "வரவு" என்ற சாவியைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் அந்த வேலைக்கு இடையே டிக்ஷனரி சாவியின் ரெஃபரன்ஸை ஒன்று கூட்டி, பின்னர் ஒன்று குறைக்கிறது. அந்தக் கூட்டலும் குறைத்தலும் இப்போது நடப்பது ஒரு முகவரியின்மேல். 3.12இல் அழியா ஆப்ஜெக்ட்டுகளை அடையாளம் காண, குறைக்கும் முன் எண்ணிக்கையின் கீழ் 32 பிட்டைப் பார்க்கிறார்கள். அதன் உச்ச பிட் 1 என்றால் குறைப்பதில்லை. கூட்டும்போது அதே நிபந்தனை இல்லை. ஆகவே சில முகவரிகளில் ஒன்று கூடியது கூடியபடியே நின்று, ஒதுக்கியின் காலிப் பட்டியல் ஒரு பைட் விலகிப்போகும். அந்த இடத்தில் முகவரிக்குப் பதில் சுழியம் இருந்தாலோ, ஒன்று கூடி ஒன்று குறைந்து மீண்டும் சுழியமாகும்போது, ஏற்கெனவே இறந்த சரம் இரண்டாம் முறை விடுவிக்கப்படும். இரண்டிலும் விளைவு உடனே தெரியாது. பிறகு எப்போதோ 80 பைட் கேட்கும் யாரோ ஒருவர் விழுவார். தொடர்பே இல்லாத இடங்களில் செயல்முறை விழுந்ததன் விளக்கம் இது.

உறுதிப்படுத்தியது

ஊகம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் கருவி ஒன்று சொல்லும்வரை அதை நான் காரணமாக எழுதுவதில்லை. முதலில் பைத்தானின் உருவாக்குநர் நிலையில் ஓட்டினேன். அந்த நிலையில் நினைவக ஒதுக்கியின்மேல் ஒரு சோதனை அடுக்கு ஏறுகிறது. விடுவிக்கப்படும் இடம் முழுவதையும் பதினாறடிமான எண்முறையில் டிடி என்று எழுதப்படும் பைட்டால் நிரப்பிவிடுகிறது. கூடவே ஒவ்வொரு ஒதுக்கீட்டைச் சுற்றியும் காவல் பைட்டுகளைச் சேர்ப்பதால் அளவு வகுப்புகளும் இடம் மாறுகின்றன. இறந்த சரமும் குறிப்புச் சரமும் வேறு வகுப்புகளுக்குப் போயின. ஆப்ஜெக்ட்டின் வகையைக் காட்டும் பாயின்டர் இருந்த இடத்தில் டிடி நிரம்பிவிட்டதால், ஐந்தாம் வரியில் டிக்ஷனரி ஹாஷ் கேட்கப் போனதுமே நிரல் விழுந்தது. அத்தனை நாளும் வேறெங்கோ விழுந்துகொண்டிருந்தது, தன் இடத்திலேயே விழுந்தது.

அடுத்ததாக சிபைத்தானையும் என் மாட்யூலையும், நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிட்டைசருடன் தொகுத்து, சிற்றளவு ஒதுக்கியை விலக்கிவிட்டு நேரடியாக இயங்குதளத்தின் பொது ஒதுக்கியான மாலக் வழியே ஒதுக்கும்படி பைத்தான்மாலக் சூழல் மாறியை அமைத்தேன். இந்த இரண்டாவது அமைப்பு இல்லாவிட்டால் சானிட்டைசருக்குப் பெரிய துண்டுகள் மட்டுமே தெரியும், அவற்றுக்குள் சிபைத்தான் பங்கிட்டுக்கொள்ளும் சிறு இடங்கள் தெரியா. சானிட்டைசர் விடுவிக்கப்பட்ட இடங்களை உடனே மறுபயனுக்குத் தராமல் சிறிது காலம் ஒதுக்கி வைத்திருப்பதால், வேறொரு சரம் வந்து அமர்ந்து தடயத்தை அழிக்கும் வாய்ப்பும் இல்லை. அதன் அறிக்கையில் மூன்று அடுக்குகள் இருந்தன: இறந்த நினைவகம் எங்கே தொடப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, முதலில் எங்கே ஒதுக்கப்பட்டது. தொட்டது என் ஐந்தாம் வரி. விடுவித்தது டிக்ஷனரியைக் காலியாக்கும் ஃபங்ஷன், அதற்கும் கீழே என் நான்காம் வரி. ஒரே ஃபங்ஷனின் இரு அடுத்தடுத்த வரிகள் ஒரே அறிக்கையில் எதிரெதிரே நின்றன.

திருத்தம்

திருத்தத்தின் சாரம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: பைத்தான் நிரல் ஓடக்கூடிய எந்த அழைப்பையும் இரவல் ரெஃபரன்ஸோடு கடக்கக் கூடாது. கடினமானது எந்த அழைப்பு அத்தகையது என்று அறிவதில்தான். கூட்டல் அப்படிப்பட்டது என்பது தெளிவு. ஒப்பீடும் ஹாஷும்கூட வகுப்பின் நிரலை ஓட்டலாம். ஒரு ரெஃபரன்ஸை விடுவிப்பதும் அப்படித்தான், ஏனெனில் கடைசி ரெஃபரன்ஸ் போகும்போது அழிப்பு முறை ஓடும். ஆகவே டிக்ஷனரியில் பழைய மதிப்பின் இடத்தில் புதியதை வைப்பதும் இந்தப் பட்டியலில் சேரும். இவற்றையெல்லாம் விலக்கிவிட்டுப் பார்த்தால் பாதுகாப்பான அழைப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சும்.

ஆகவே "வகை", "அளவு", "பழையது" மூன்றையும் பெற்ற உடனேயே எண்ணிக்கையை ஒன்று கூட்டும் பை_இன்க்ரெஃப் மூலம் சொந்தமாக்கிக்கொண்டேன். "பழையது" விஷயத்தில் இது தேவையில்லை என்று வாதிடலாம். தொகை டிக்ஷனரி என் ஃபங்ஷனுக்குள் பிறந்தது, வெளியே யாருக்கும் கொடுக்கப்படவில்லை, எனவே அதில் உள்ள மதிப்பை வேறு யாரும் அழிக்க இயலாது. வாதம் சரிதான். ஆனால் அந்த வாதத்தை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மறுபடி மெய்ப்பிக்கவேண்டும். சொந்தமாக்கிக்கொள்வதோ ஒரு வரி. நான் வரியையே தேர்ந்தெடுத்தேன்.

சொந்தமாக்கிய பின் வெளியேறும் ஒவ்வொரு பாதையிலும் விடுவிக்கவேண்டும். முதல் வடிவத்தில் ஐந்தாம் வரியின் விடையை நான் சோதிக்கவே இல்லை. "வகை" என்ற சாவியின் கீழ் ஒரு லிஸ்ட் வந்தால் ஹாஷ் செய்ய இயலாது. டிக்ஷனரி பிழையை எழுப்பும். நானோ அதைக் கவனியாமல் சுழற்சியைத் தொடர்ந்து, இறுதியில் விடையையும் எழுப்பப்பட்ட பிழையையும் ஒருங்கே வைத்துக்கொண்டு திரும்புவேன். சிபைத்தான் இதைக் கண்டுபிடித்துச் சிஸ்டம்எரர் தருகிறது, ஆனால் எந்தப் பதிவில் நேர்ந்தது என்ற தடயம் அதற்குள் போயிருக்கும். மூன்றாம் வரியின் பைடிக்ட்_கெட்ஐட்டம் இன்னும் மோசம்: தேடலின்போது எழும் பிழையை விழுங்கிவிட்டு "இல்லை" என்றே சொல்லும். இல்லாமையும் பிழையும் ஒரே விடையாக வருவதை எந்த இடைமுகத்திலும் நான் ஏற்கமாட்டேன்.

இரவல் தருவது, பிழையை விழுங்குவது ஆகிய இரண்டு சிக்கல்களுக்கும் 3.13இல் வந்த பைடிக்ட்_கெட்ஐட்டம்ரெஃப் ஒருசேர விடை தருகிறது. கண்டால் 1, காணாவிட்டால் 0, பிழை என்றால் -1. கண்டது சொந்த ரெஃபரன்ஸாகவே கைக்கு வரும். லிஸ்ட்டுக்கும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப் அதே பதிப்பில் வந்தது. பழைய பதிப்புகளில் அதே பெயர்களைத் தரும் ஒத்திசைவுத் தலைப்புக்கோப்பும் உண்டு, 3.12இலேயே இருக்கவேண்டியிருந்ததால் அதைச் சேர்த்துக்கொண்டு மாட்யூலை இந்த ஃபங்ஷன்களுக்கு மாற்றிவிட்டேன்.

லிஸ்ட்டைச் சுற்றும் முறையிலும் ஒரு மறைந்த குறை இருந்தது. நீளத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டு, எல்லை சோதிக்காத மேக்ரோவால் உறுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டலுக்குள் ஓடும் நிரல் பதிவின் உட்பொருளைக் காலி செய்ததற்குப் பதிலாக லிஸ்ட்டிலிருந்தே பதிவை நீக்கியிருந்தால், லிஸ்ட்டின் முடிவைத் தாண்டிப் படித்திருப்பேன். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் நீளம் மறுபடி கேட்கப்படுகிறது, உறுப்பு சொந்தமாக எடுக்கப்படுகிறது. முழு லிஸ்ட்டையும் முதலில் ஒரு டியூப்பிளாக (மாற்ற இயலாத லிஸ்ட் போன்றது) நகலெடுத்துக்கொள்வது இன்னும் எளிய வழி; பதிவுக்கு 8 பைட்தான் செலவு, எல்லாப் பதிவுகளும் ஒரே அடியில் நம் பிடியில் வந்துவிடும். ஆனால் சுழற்சியின் நடுவே நீக்கப்பட்ட பதிவும் கணக்கில் ஏறும். பைத்தான் வடிவம் அப்படி நடந்துகொள்ளவில்லை என்பதால் அதை விட்டுவிட்டேன்.

அதே காரணத்துக்காக இன்னொன்றையும் மாற்றினேன். பைடிக்ட் என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் டிக்ஷனரியின் உட்கட்டமைப்பை நேராகத் தொடுபவை. டிக்ஷனரியிலிருந்து கிளைத்த வகுப்பு தேடலை மாற்றி எழுதியிருந்தாலும், டிஃபால்ட்டிக்ட் போல இல்லாத சாவிக்கு மதிப்பை உருவாக்குவதாக இருந்தாலும், அவை அதைக் கேட்பதே இல்லை. எனவே பதிவு அசல் டிக்ஷனரி என்றால் மட்டும் நேர்வழி. கிளை வகுப்பு என்றால் பொதுவான பைஆப்ஜெக்ட்_கெட்ஐட்டம்.

கைவிட்ட ஒரு முயற்சி

திருத்தத்துக்கு முன், பைத்தான் டிக்ஷனரியையே தவிர்த்து, வகைச் சரத்தின் யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் ஒரு முறை) பைட்டுகளைச் சாவியாகக் கொண்டு சி பக்கத்தில் சொந்த ஹாஷ் அட்டவணை ஒன்றை வைத்துப் பார்த்தேன். பைட்டுகளைப் பெற பையூனிகோட்_ஆஸ்யூடிஎஃப்8 என்ற ஃபங்ஷன் வசதியானது. அது தரும் பாயின்டரை விடுவிக்கவேண்டியதில்லை. விடுவிக்கவேண்டாததற்குக் காரணம், அந்த யூடிஎஃப்-8 நகலை அது சர ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே சேமித்துவைத்துவிடுகிறது. அஸ்கி எழுத்துகள் (ஆங்கில எழுத்து, எண் போன்றவை) மட்டும் உள்ள சரத்தில் இரண்டு வடிவங்களும் ஒன்றே என்பதால் கூடுதல் இடம் இல்லை. தமிழில் அப்படியல்ல: நினைவகத்தில் 2 பைட்டாக இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் யூடிஎஃப்-8இல் 3 பைட். "வரவு" என்ற சரம் 66 பைட்டிலிருந்து 79 ஆகிறது, அந்தக் கூடுதல் 13 பைட் சரம் சாகும்வரை போகாது. பதிவுகளை அழைப்பவர் வைத்திருக்கும்வரை நகல்களும் இருக்கும். இது கசிவு அல்ல, ஆனால் கசிவைத் தேடிக்கொண்டிருப்பவரை வழிதவறச் செய்யப் போதுமானது. அதைவிட முக்கியமாக, அந்தப் பாயின்டரும் சரம் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். அட்டவணையில் நகலெடுக்காமல் வைத்தால் அதே இரவல் சிக்கல் வேறு உருவில் திரும்பிவிடும். டிக்ஷனரியே போதும் என்று திரும்பிவிட்டேன்.

இங்கே லுவா மொழியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. லுவாவின் சி இடைமுகம் டேபிளுக்கான பாயின்டரை சி நிரலின் கையில் கொடுப்பதே இல்லை. எல்லா மதிப்புகளும் ஓர் அடுக்கின் வழியாகவே வந்து போகின்றன, அடுக்கில் இருப்பது உயிரோடு இருக்கும். சரத்தின் உட்பாயின்டர் போன்ற சில விதிவிலக்குகள் அங்கும் உண்டு. ஆனாலும் நான் செய்த தவறைச் செய்ய அந்த வடிவமைப்பு இடம் கொடுத்திருக்காது. சிபைத்தான் தேர்ந்த வழி வேகமானது, பழகியவருக்கு இயல்பானது, ஆனால் உரிமையைப் பற்றிய அறிவை முழுவதும் எழுதுபவரின் தலையில் வைக்கிறது.

ஜிஐஎல் (ஒரே நேரத்தில் ஒரு திரெட், அதாவது ஒரு செயலோட்டம், மட்டுமே பைத்தான் நிரலை ஓட்டவிடும் பூட்டு) இல்லாத பைத்தான் வடிவம், 3.13இல் சோதனை நிலையில் வந்து 3.14இல் அதிகாரப்பூர்வ ஆதரவைப் பெற்றது, இந்தச் சுமையை இன்னும் கூட்டுகிறது. அங்கே இரவலாக எடுப்பதற்கும் அதைச் சொந்தமாக்கிக்கொள்வதற்கும் இடைப்பட்ட நொடியில் இன்னொரு திரெட் அந்த உறுப்பை நீக்கிவிட முடியும்; பெற்ற உடனே பை_இன்க்ரெஃப் செய்வதுகூடப் போதாது. ரெஃப் என்று முடியும் புதிய ஃபங்ஷன்கள் அங்கே இன்றியமையாதவை. என் மாட்யூல் ஜிஐஎல் தேவையில்லை என்று இன்னும் அறிவிக்கவில்லை. அறிவிக்காத மாட்யூலை ஏற்றினால் அந்த வடிவம் ஓர் எச்சரிக்கையோடு ஜிஐஎல்லைத் தானே மீண்டும் இயக்கிவிடுகிறது.

இப்போதைய நிலை

மாட்யூலின் ஒவ்வொரு பாயின்டர் அறிவிப்புக்கும் பக்கத்தில் அது சொந்தமா இரவலா என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டுள்ளது. இரவல் என்றால் உரியவர் யார் என்பதும். சோதனைத் தரவு இப்போது மூலநிரலில் எழுதப்பட்ட சரங்களைப் பயன்படுத்துவதில்லை. துண்டுகளை இணைத்து ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குகிறது. தொகைகள் 256ஐத் தாண்டும்படி அளவுகள் அமைந்துள்ளன. கூட்டும்போது தன் பதிவைக் காலி செய்யும் வகுப்பு, லிஸ்ட்டிலிருந்து தன்னை நீக்கிக்கொள்ளும் வகுப்பு, ஒப்பீட்டில் பிழை எழுப்பும் வகுப்பு ஆகிய மூன்றும் சோதனையில் சேர்ந்துள்ளன. ஒவ்வொரு சோதனையும் இருமுறை ஓடுகிறது: ஒருமுறை உருவாக்குநர் நிலையில், ஒருமுறை அட்ரஸ் சானிட்டைசருடன் தொகுத்த பைத்தானில். பழைய ஐந்து வரிகளை மீண்டும் வைத்து ஓட்டிப் பார்த்தபோது, பதிவைக் காலி செய்யும் வகுப்பில் இரண்டுமே ஐந்தாம் வரியில் நின்றன.